பட்ஜெட்டில் நம்ம பஞ்சாயத்தின் பெயரும் வர வேண்டும்

பட்ஜெட் அன்றைக்கு நம் ஆட்கள் பேசுவதெல்லாம் மகளிர் உரிமைத் தொகை, அகவிலைப்படி, கடன் தள்ளுபடி பற்றித்தான். பேச வேண்டியதுதான், தப்பில்லை. ஆனால் நம் தெருக்குழாயில் தண்ணீர் வருமா, லைட் எரியுமா என்பதும் அதே பட்ஜெட்டில்தான் பெரும்பாலும் முடிவாகிறது. இதை நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் டீக்கடையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ரெண்டு நாள் தண்ணீர் வரவில்லை என்றால் நேரே தலைவர் வீட்டு வாசலில் போய்ச் சத்தம் போடுகிறோம், அவர் யூனியன் ஆபீஸைக் கை காட்டுவார், யூனியன் ஆபீஸில் "இன்னும் ஃபண்டு வரலை" என்பார்கள், அத்தோடு முடிந்தது.

ஒரு கிராம ஊராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டு வரி, தண்ணீர்க் கட்டணம், தொழில் வரி, உரிமக் கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் குவாரியோ பெரிய ஆலையோ இல்லாத சின்ன ஊராட்சிக்கு அது காணாது. மிச்சம் மேலேயிருந்து வர வேண்டும். மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குக் கொடுக்கிறது. அதைக் கிராமமும் நகரமும் பங்கு போட்டு, கிராமப் பங்கை மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று மறுபடி பிரித்து, கடைசியில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கு வருவதைத்தான் எஸ்எஃப்சி (மாநில நிதி ஆணைய) மானியம் என்கிறோம். வந்ததும் மின்கட்டணத்துக்கும் கூட்டுக் குடிநீர்க் கட்டணத்துக்கும் ஒரு பகுதி ஊராட்சியின் இரண்டாம் நம்பர் வங்கிக் கணக்குக்குத் தனியாகப் போய்விடும், அதை வேறு எதற்கும் தொடக் கூடாது. அடுத்தது மத்திய நிதிக்குழு மானியம். 15-வது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று கட்டிப் போட்டது. இது போக கனவு இல்லம், அண்ணா மறுமலர்ச்சித் திட்டம், கிராமச் சாலைத் திட்டம் என்று வருகிற பணமெல்லாம் என்ன வேலை என்று சென்னையிலேயே எழுதப்பட்டு வருகிறது. ஊர் கூடி "எங்களுக்கு இதுதான் முதலில் வேண்டும்" என்று தீர்மானம் போட்டால், அதைச் செய்யக் கையில் மிஞ்சுவது எவ்வளவு?

எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் போர் மோட்டார் காயில் கருகிப்போனது. தெருவெல்லாம் குடம் வரிசையில் நிற்கிறது, பெண்கள் வயல் பம்புசெட்டைத் தேடி நடக்கிறார்கள். காயில் கட்டக் கொடுத்தால் ரெண்டு நாளில் வேலை முடியும். ஆனால் பொதுக் கணக்கில் பணம் இல்லை. கிளார்க் தன் கையிலிருந்து பாதி கொடுத்து, மீதியைக் கடன் சொல்லி மோட்டாரைத் தூக்கி வந்தார். அடுத்த கிராம சபையில் அவர் வரவு செலவு வாசிக்கும்போது ஒரு ஆச்சி எழுந்து, "ஏ ஐயா, எங்க ஊருக்குன்னு வருசத்துக்கு எம்புட்டு ரூவா வரும், அதை மொதல்ல சொல்லு" என்று கேட்டார். கிளார்க்கால் சொல்ல முடியவில்லை. தலைவராலும் முடியவில்லை. மறைக்கவில்லை, அவர்களுக்கே வந்த பிறகுதான் தெரியும்.

நெல்லைக்கு இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் இல்லாததால் மத்திய மானியம் நின்றது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தபோதும், தென்காசியைப் பிரித்த கணக்கில் நம் மாவட்டம் விடுபட்டுப்போய் 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் போட்டோம். முழுசாக அஞ்சு வருடம், அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி! 204 கிராம ஊராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஒருத்தர் கிடையாது. அப்போது வந்தவர்களின் காலமும் 2026 அக்டோபரோடு முடிகிறது. 2019-ல் ஓட்டுப் போட்ட மாவட்டங்களில் 2025 ஜனவரியிலேயே தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். மறுபடி அப்படி ஒரு காலத்தை நாம் சும்மா விடக் கூடாது.

நகரத்திலும் கதை இதேதான். 2022 பிப்ரவரியில் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தோம், மார்ச் 2-ம் தேதி பதவியேற்றார்கள், ஏப்ரல் 1-ம் தேதி சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. 600 சதுர அடிக்குள் இருக்கிற வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். 2008-க்குப் பிறகு நிலையான வரி உயர்வு இல்லை என்பது உண்மை, 15-வது நிதிக்குழு அதை நிபந்தனையாக வைத்ததும் உண்மை, ஏற்றியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எவ்வளவு ஏற்றுவது என்பதைத் திசையன்விளைக்கும் வள்ளியூருக்கும் சேர்த்து மேலேயே முடிவு செய்துவிட்டு, திட்டு வாங்கும் வேலையை மட்டும் கவுன்சிலரிடம் விட்டார்கள்.

"கையில் பணத்தைக் கொடுத்தால் கமிஷன் அடிப்பானே அண்ணாச்சி" என்று கேட்பீர்கள். அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வரி கேட்டால் ஓட்டுப் போகும் என்று வீட்டு வரியை வசூலிக்காமல் விடுகிற தலைவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு வர வேண்டும் என்பதே ஊருக்குத் தெரியாதபோது, எவ்வளவு போனது என்று யார் கேட்பது?

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் 1996-ல், ஊரே தன் வேலைகளைத் திட்டம் போடுகிற மக்கள் திட்டம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் விட்டார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. அங்கே மாநில பட்ஜெட்டோடு பின்னிணைப்பு 4 என்று ஒரு புத்தகம் வருகிறது. அதில் ஒவ்வொரு பஞ்சாயத்தின் பெயரும் அதற்கு அந்த வருடம் ஒதுக்கிய தொகையும் அச்சாகியிருக்கும். வருடம் தொடங்கும்போதே சாதாரண ஆள்கூட எடுத்துப் பார்க்கலாம். அங்கே கிராமப் பஞ்சாயத்துகள் ஆயிரத்துக்கும் குறைவு, ஒவ்வொன்றும் பெரிசு, நம்முடையதோ சின்னச் சின்னதாகப் பன்னிரண்டாயிரம், ஒப்பிட முடியாது என்பார்கள். திட்டம் போடுவதில் அது நியாயம்தான். பெயரும் தொகையும் அச்சடிப்பதற்கு எண்ணிக்கை ஒரு தடையா? வீட்டு வரியை ஆன்லைனில் கட்டச் சொல்கிற அரசுக்கு இது முடியாத காரியமே இல்லை.

அதனால் ஒன்று செய்யுங்கள். அடுத்த கிராம சபைக்குப் போகும்போது, "எங்கள் ஊராட்சிக்கு இந்த ஆண்டு வர வேண்டிய மாநில நிதி எவ்வளவு, அதில் கணக்கு எண் 2-க்குப் போவது எவ்வளவு என்பதை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவிக்க வேண்டும்" என்று ஒரே ஒரு தீர்மானம் கொடுங்கள். எழுதிக்கொள்ள மறுத்தால் கையெழுத்து வாங்கி கலெக்டர் ஆபீஸில் மனு நாளன்று கொடுப்போம். எந்த ஊர் என்று கமெண்டில் சொல்லுங்கள், நான் கூட வருகிறேன்.