ஐஸ்பெட்டிக்குக் கட்டுவதா, கரண்டுக்குக் கட்டுவதா

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு சிங்கப்பூர் புக்கிட் மேராவில் ஒரு அரசாங்க வாடகை புளோக்கின் தாழ்வாரத்தில் நின்று மீட்டரைப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டறை வீடு. அங்கே இருக்கும் பெரியம்மாவுக்கு 74 வயது, தனியாக இருக்கிறார். உட்லண்ட்ஸில் மகள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், ஞாயிறு சாயங்காலம்தான் வருவாராம். போகிற அவசரத்திலும் ஒவ்வொரு சுவிட்சாகத் தொட்டுப் பார்த்து அணைத்தார். சாமி படத்துக்கு மேலே எரிகிற சின்ன பல்பைக்கூட விடவில்லை. வீட்டில் ஓடியது ஐஸ்பெட்டி ஒன்றுதான்.

ஞாயிறு அதே ஆறு மணிக்குத் திரும்பப் போய்ப் பார்த்தேன். 48 மணி நேரத்தில் 5.2 யூனிட் ஏறியிருந்தது.

ஆள் இல்லாத வீட்டில், ஒரு ஐஸ்பெட்டிக்கு மட்டும், நாளுக்கு 2.6 யூனிட். வருஷத்துக்கு 950 யூனிட் வரும். வரியோடு ஒரு யூனிட்டுக்கு 30 காசு என்று வையுங்கள், 285 வெள்ளி. அதே அளவில் இப்போது கடையில் நிற்கிற ஐஸ்பெட்டிகளைப் போய்ப் பார்த்தேன். ஒன்றின் கதவில் ஒட்டியிருந்த பச்சை அட்டையில் வருஷத்துக்கு 290 யூனிட் என்று போட்டிருந்தது. 87 வெள்ளி.

எங்கள் குழு அந்த வட்டாரத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை புளோக்கின் கீழே மேசை போட்டு உட்காரும். அரசாங்க இணையச் சேவைக்குள் நுழைகிற சிங்பாஸில் தடுமாற்றம், வீட்டுச் செலவுக்கு உதவும் சிடிசி பற்றுச்சீட்டு, பாலிகிளினிக் கடிதம் என்று எது வந்தாலும் பார்ப்போம். கரண்டும் தண்ணீரும் மிச்சம் பிடிக்கிற புதுப் பொருள் வாங்க அரசாங்கம் தரும் பருவநிலைப் பற்றுச்சீட்டை எடுத்துக் கொடுப்பதும் அதில் ஒன்று. பெரியம்மா அப்படித்தான் பழக்கம். அவர் வீட்டு ஐஸ்பெட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். நாலறை வீட்டில் இருக்கும் சொந்தக்காரர் கொடுத்ததாம். அவர் புதிதாக வாங்கினார், பழையதைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, நல்லாத்தானே ஓடுகிறது என்று இவருக்குக் கொடுத்துவிட்டார். புதியதை எதில் வாங்கினார் தெரியுமா? பருவநிலைப் பற்றுச்சீட்டில்.

நல்ல மனசோடு செய்ததுதான், அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் நாட்டுக் கணக்கில் என்ன நடந்தது என்று பாருங்கள். கரண்டை மிச்சம் பிடிக்க அரசாங்கம் காசு கொடுத்தது, கரண்டைக் குடிக்கிற பெட்டி நாலறையிலிருந்து இரண்டறைக்கு மாறியது. மிச்சம் வசதி உள்ள வீட்டில், செலவு வசதி இல்லாத வீட்டில்.

திட்டத்தைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. நல்ல திட்டம், நானே பலருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். தேசியச் சுற்றுப்புற வாரியமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் 2020 நவம்பரில் இதைத் தொடங்கியபோது ஒன்றிலிருந்து மூன்றறை வரையுள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு மட்டும்தான். மொத்தம் 225 வெள்ளி. அதில் ஐஸ்பெட்டிக்கு 150, எல்இடி விளக்குக்கு 25, ஷவருக்கு 50. 2024 ஏப்ரலில் எல்லா வீவக வீடுகளுக்கும் 300 வெள்ளி என்று விரித்தார்கள். 2025 ஏப்ரலில் இன்னும் 100 சேர்த்து, தனியார் வீடுகளுக்கும் 400 கொடுத்தார்கள். 2027 டிசம்பர் 31 வரை செல்லும். விரித்தது சரி. விரித்தபோது கீழே இருப்பவருக்கு இருந்த முன்னுரிமை மட்டும் காணாமல் போய்விட்டது. கொண்டோவிலும் 400, வாடகை வீட்டிலும் 400. கொண்டோவில் இருப்பவர் எப்படியும் வாங்கத்தான் போகிறார், அவருக்கு இது ஒரு தள்ளுபடி. பெரியம்மாவுக்கு இது பாதிக் கிணறு தாண்டுகிற சமாச்சாரம். எல்இடி விளக்குக்கும் ஷவருக்கும் 60 வெள்ளி போக 340 மீதி இருக்கிறது. நான் பார்த்த ஐஸ்பெட்டி 520 வெள்ளி. குறைவது 180.

நான் போட்டுத் தருகிறேன் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றுவிட்டார். கடன் வாங்கிப் பழக்கமில்லையாம்.

சரி, மீட்டர் கணக்கைச் சொல்லலாம் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். ஐஸ்பெட்டி மட்டும் வருஷத்துக்கு 285 வெள்ளி இழுக்கிறது பெரியம்மா என்றேன். அவர் சாதாரணமாகச் சொன்னார், “அதான் அரசாங்கம் கட்டுதேம்மா.”

உண்மைதான். கரண்டு, தண்ணீர் பில்லில் அரசாங்கம் கழித்துக் கொடுக்கும் யூ-சேவ் கழிவு வருகிறது. ஓரறை, ஈரறை வீடுகளுக்கு வழக்கமான தொகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை 95 வெள்ளி. 2025 நிதியாண்டில் அதை இரட்டிப்பாக்கி 760 வெள்ளி வரை கொடுத்தார்கள். அந்தக் காசு இல்லாவிட்டால் பெரியம்மா மாதிரி எத்தனையோ பேர் ராத்திரி ஃபேனைக்கூட அணைத்துவிட்டுப் படுப்பார்கள், எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன ஒரு வரி இரண்டு நாள் மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது. யூ-சேவ் காசில் பெரும்பங்கு ஒரு பழைய கம்ப்ரசருக்குள் போகிறது. இந்த வருஷம் போகும், அடுத்த வருஷமும் போகும், பெட்டி சாகிற வரைக்கும் போகும். அது செத்தால் இன்னொரு பழைய பெட்டி வரும்.

என் யோசனை இதுதான். குறைவது 180 வெள்ளி. வழக்கமான யூ-சேவில் இரண்டு தவணை 190 வெள்ளி. அரசாங்கம் எப்படியும் கொடுக்கப் போகிற காசு அது. அந்த இரண்டு தவணையை முன்கூட்டியே எடுத்து ஐஸ்பெட்டியில் போட ஒரு வழி செய்து கொடுத்தால் கடன் என்ற பேச்சே வராது, புதிதாக வரிப்பணமும் வேண்டாம். இரண்டு தவணையை ஒரேயடியாகப் பிடித்தால் அந்த ஆறு மாதம் சிரமம் என்றால், கரண்ட் பில்லோடு மாதம் 8 வெள்ளி என்று பிரித்துப் பிடிக்கட்டும். இரண்டு வருஷத்துக்குள் தீர்ந்துவிடும். ஐஸ்பெட்டி மாறினாலே பில்லில் மாதம் 16 வெள்ளி குறைகிறது, அதில் பாதிதான் தவணை. யாருக்கும் நஷ்டமில்லை.

பில்லோடு தவணை என்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. இந்தியாவில் 2015ல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் எல்இடி பல்பை வாங்கிக்கொண்டு மாதம் பத்து ரூபாயாகக் கரண்ட் பில்லில் கட்டும் வசதி இருந்தது. அதைவிட முக்கியம், அவர்கள் மொத்தமாகக் கொள்முதல் செய்த விதம். 2014ல் ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். கோடிக்கணக்கில் வாங்குகிறோம், விலையைச் சொல் என்று திரும்பத் திரும்ப டெண்டர் விட்டதில் 2016ல் 38 ரூபாய்க்கு வந்துவிட்டது. இங்கே நமக்குக் கோடிக்கணக்கில் வேண்டாம். வாடகை வீடுகளுக்கு ஏற்ற ஒரே அளவு சின்ன ஐஸ்பெட்டியை ஆயிரக்கணக்கில் ஒன்றாக வாங்கினாலே 520 வெள்ளி கண்டிப்பாகக் கீழே இறங்கும். சந்தையில் மீன் வாங்கும்போது நாம் செய்வதுதானே.

பழைய பெட்டி எங்கே போகிறது என்பதையும் கூடவே கட்டிப்போட வேண்டும். 2021 ஜூலையிலிருந்து, புதிதாக வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும்போது பழையதைக் கடைக்காரர் இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வாங்குபவர் கேட்டால்தான். பற்றுச்சீட்டில் ஐஸ்பெட்டி வாங்கினால் பழையதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்ப்பது பெரிய வேலையில்லை. அதே சமயம், பழைய பெட்டியை நம்பியிருக்கும் வீட்டுக்குப் புதியதைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் இந்த நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினால் ஏழை வீட்டில் ஐஸ்பெட்டியே இருக்காது.

எல்லோரும் ஏர்கானைப் பற்றித்தானே பேசுகிறார்கள், நீங்கள் ஏன் ஐஸ்பெட்டியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். மெக்சிகோவில் 2009லிருந்து 2012 வரை பழைய ஐஸ்பெட்டியையும் ஏர்கானையும் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க அரசாங்கமே உதவித்தொகை கொடுத்தது. பத்து லட்சத்துக்கும் மேலான பெட்டிகள் மாறின. பிறகு பொருளியலாளர்கள் வீட்டு பில்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். ஐஸ்பெட்டி மாற்றிய வீடுகளில் கரண்டு சுமார் 8 விழுக்காடு குறைந்திருந்தது. எதிர்பார்த்ததில் கால்பங்குதான், ஆனால் குறைந்தது. ஏர்கான் மாற்றிய வீடுகளில் கூடிவிட்டது! புதியதுதானே, செலவு குறைவுதானே என்று கூடுதல் நேரம் போட்டார்கள். ஐஸ்பெட்டியை யாரும் கூடுதல் நேரம் போட முடியாது, அது எப்போதும் ஓடுவது. எதிர்பார்த்ததில் கால்பங்கு என்பதையும் நான் மறைக்கவில்லை. ரொம்பப் பழையது, கெட்டுப்போனது எது என்று பார்த்து மாற்ற வேண்டும் என்பதுதான் அதில் எனக்குப் படும் பாடம். அதனால்தான் மீட்டரைப் படித்தேன்.

இன்னொன்றையும் அன்றைக்கே பார்த்தேன். தமிழ் முரசு நாளிதழின் ஓரத்தைக் கிழித்து, ஐஸ்பெட்டிக் கதவுக்கு நடுவில் வைத்துச் சாத்தி, மெதுவாக இழுத்துப் பார்த்தேன். கதவின் ரப்பர் நன்றாக இருந்தால் காகிதம் பிடித்துக்கொள்ளும். மேலே இரண்டு இடத்தில் பிடித்தது. கீழ் மூலையில் வைத்தால் இழுக்கவே வேண்டாம், தானாகக் கீழே விழுந்தது. விரலை வைத்தால் குளிர் கசிவது தெரிகிறது. தெரிந்த ரிப்பேர்க்காரரை அழைத்து ரப்பரை மாற்றினோம், குழுவில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். அதற்குப் பெரியம்மா மறுக்கவில்லை, சாமி கும்பிட்டு ஆளுக்கொரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக் கணக்கை நேர் செய்துவிட்டார். மறுபடி அவர் மகள் வீட்டுக்குப் போனபோது படித்தேன். நாளுக்கு 2.0 யூனிட். ஒரு ரப்பர் பட்டையில் கால்வாசி போய்விட்டது. ஆனால் பருவநிலைப் பற்றுச்சீட்டில் ரப்பர் மாற்ற முடியாது. ஏர்கான் சர்வீஸ் செய்ய முடியாது. புதுப் பொருளுக்கு மட்டும்தான். இது எனக்குச் சரியாகவே படவில்லை. பழுது பார்ப்பதும் மிச்சம்தான்.

வாடகைக்கு இருக்கும் மற்றவர்கள் கதை வேறு. ஊரிலிருந்து வேலைக்கு வந்து அறையோ வீடோ எடுத்துத் தங்கியிருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். ஏர்கான் ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஏழு வரைதான், பியூபி பில் (கரண்டு, தண்ணீர் பில்) இவ்வளவுக்கு மேல் போனால் நீ கட்டு, இப்படித்தான் பேச்சு. ஏர்கானைத் தேர்ந்தெடுப்பவர் வீட்டுக்காரர், காசு கட்டுபவர் குடியிருப்பவர். அட்டையில் டிக் கூடினால் கரண்டு குறையும், ஆனால் வீட்டுக்காரர் ஏன் ஐந்து டிக் வாங்குவார்? ஒப்பந்தத்தோடு சோபா இரண்டு, கட்டில் மூன்று என்று ஒரு சாமான் பட்டியல் வரும் பாருங்கள், அதில் ஐஸ்பெட்டிக்கும் ஏர்கானுக்கும் பக்கத்தில் டிக் எத்தனை, வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று எழுத வேண்டும் என்று விதி வைத்தால் போதும். வாடகை பேசும்போது அதையும் பேசுவார்கள்.

யாரும் விண்ணப்பிக்காமலே வேலை செய்த கொள்கை ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2008ல் ஏர்கானுக்கும் ஐஸ்பெட்டிக்கும் டிக் அட்டை கட்டாயமானது. 2011 செப்டம்பரில் குறைந்தபட்சத் தரம் வந்தது, அதற்குக் கீழே உள்ளதைக் கடையில் விற்கவே கூடாது. சிங்பாஸ் வேண்டாம், வரிசை வேண்டாம், ஆங்கிலம் தெரிய வேண்டாம். மோசமான பொருள் கடையிலேயே இல்லை, அவ்வளவுதான். ஆனால் பெரியம்மா கடைக்கே போகவில்லையே. கடையைத் தாண்டி, கைமாறி வருகிற பொருளில்தான் அவர் வாழ்க்கை ஓடுகிறது. அந்த விதி எட்டாத இடத்துக்குத்தான் நான் மேலே சொன்னது.

பதில் எழுத வருபவர்களுக்கு ஒன்று முன்கூட்டியே. “சிக்கனமாக இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்” என்று தயவுசெய்து எழுதாதீர்கள். சாமி பல்பை அணைத்துவிட்டுக் கிளம்புகிறவருக்கு இதற்கு மேல் என்ன கற்றுக்கொடுப்பது? நம் கரண்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு இறக்குமதி செய்கிற இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. கரியமில வாயு வெளியேற்றத்துக்கான கரிம வரி 2024லிருந்து டன்னுக்கு 25 வெள்ளி, 2026லிருந்து 45. விலை ஏறத்தான் போகிறது, ஏற வேண்டிய காரணமும் இருக்கிறது. ஏறும்போது அதை முதலில் தாங்குவது யாருடைய பழைய கம்ப்ரசர் என்பதுதான் என் கவலை.

போன சனிக்கிழமை பெரியம்மாவிடம் இந்தத் தவணை யோசனையைச் சொல்லிப் பார்த்தேன். பில்லோடு மாதம் எட்டு வெள்ளி பிடிப்பார்கள், ரப்பர் மாற்றிய பிறகும் பில் அதைவிடக் கூடுதலாகக் குறையும் என்றேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். “எட்டு வெள்ளின்னா கட்டிருவேம்மா. எந்த கவுண்டர்ல போய்ச் சொல்லணும்?”

அப்படி ஒரு கவுண்டர் இன்னும் இல்லை. அடுத்த வாரம் எங்கள் வட்டார நாடாளுமன்ற உறுப்பினர் நடத்தும் மக்கள் சந்திப்பில் இதை எழுதிக் கொடுக்கப் போகிறேன், இரண்டு மீட்டர் கணக்கையும் சேர்த்து. ஒரு வீட்டுக் கணக்கோடு போவதைவிட இருபது வீட்டுக் கணக்கோடு போனால் நல்லது. உங்கள் புளோக்கில் இப்படிப் பழைய பெட்டியோடு யாராவது இருந்தால், அவர்கள் வெளியூர் போகும்போது அனுமதி கேட்டு இரண்டு நாள் மீட்டரைப் படித்து எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். பெயர் வேண்டாம், வீட்டு எண் வேண்டாம். எத்தனை அறை, எத்தனை மணி நேரம், எத்தனை யூனிட். அது போதும்.