கூரை இருந்தால் ஒரு கணக்கு, இல்லாவிட்டால் வேறு கணக்கு

ஒரு ராக் குழு ஸ்டேடியத்தை விட்டு அரீனாவுக்குள் போகிறது என்று செய்தி வந்தால் போதும், "மார்க்கெட் போச்சு" என்று எழுத நாலு பேர் வந்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

அரீனா என்பது கூரை போட்ட உள்ளரங்கம். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன், லண்டனின் ஓ2 மாதிரி, சுமார் 20 ஆயிரம் பேர் கொள்ளும். ஸ்டேடியம் வெட்டவெளி. வெம்ப்ளியில் இருக்கைகளே 90 ஆயிரம். நாம் தலைகளை எண்ணுகிறோம். மேடை போடுகிறவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார்கள். கூரை இருந்தால் ஸ்பீக்கர், விளக்கு, திரை எல்லாவற்றையும் சங்கிலியில் தொங்கவிட்டு, ராத்திரியே கழற்றி லாரியில் ஏற்றி அடுத்த ஊருக்குப் போய்விடலாம். வெட்டவெளியில் தொங்கவிட எதுவுமில்லை. இரும்புச் சட்டம் நிறுத்தவே நாள்கணக்கில் ஆகும்.

அயர்லாந்து ராக் குழு யூ2-வையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009-ல் தொடங்கிய '360 டிகிரி' கச்சேரிப் பயணத்துக்கு நாலு கால் ராட்சத நண்டு மாதிரி, சுமார் 50 மீட்டர் உயரத்தில் ஒரு கூடு செய்தார்கள். ஒன்றல்ல, மூன்று. ஒன்றின் கீழே கச்சேரி நடக்கும்போது இன்னொன்று வேறு ஊரில் எழும்பிக்கொண்டிருக்கும். 110 கச்சேரி, 70 லட்சத்துக்கும் மேல் டிக்கெட். சரி, கட்டுப்படியானது. ஆனால் இதே குழு 1997-ல் பாப்மார்ட் என்று ஸ்டேடியங்களுக்குக் கிளம்பியபோது அமெரிக்காவில் பல ஊர்களில் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. மேடைக்கு அவர்கள் வந்து இறங்குவதற்கென்று எலுமிச்சம்பழ வடிவில் ஒரு பிரம்மாண்ட கூண்டு வேறு! ஆஸ்லோவில் அது பாதியில் நின்றுபோய் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். 2001-ல் அமெரிக்காவில் அரீனாக்களுக்குப் போனார்கள். இதய வடிவில் நடைமேடை, அந்த இதயத்துக்குள்ளேயே முந்நூறு முகங்கள். நான் யூ2-வை விரும்புவது அந்தப் பயணத்துக்காகத்தான்.

இங்கிலாந்து ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் கதை இன்னும் கசப்பு. 1977-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில், முன்னால் கத்திக்கொண்டிருந்த ரசிகர் மேல் குழுவின் பாடகர் ரோஜர் வாட்டர்ஸ் துப்பினார். பிறகு தன் செயலைப் பார்த்துத் தானே அதிர்ந்து போனார். 'தி வால்' (சுவர்) என்ற ஆல்பம் அங்கிருந்துதான் முளைத்தது. 1980-81-ல் அதை நான்கே ஊர்களில், உள்ளரங்குகளில் மட்டும் நடத்தினார்கள். பாட்டு நடக்க நடக்க, குழுவுக்கும் கூட்டத்துக்கும் நடுவே அட்டைச் செங்கல் சுவர் எழும்பும். ஸ்டேடியத்தில் பட்ட அந்நியத்தைக் காட்டவே அவர்களுக்குக் கூரை தேவைப்பட்டிருக்கிறது.

நானும் ஒருமுறை பெரிய மைதானம் ஒன்றின் பின்வரிசையில் நின்றிருக்கிறேன். மேடை நூறு மீட்டருக்கு அப்பால். ஒலி வந்து சேர கிட்டத்தட்ட 0.3 விநாடி. டிரம்மரின் குச்சி இறங்கிய பிறகுதான் அடி கேட்கும். அவரே என் சுண்டுவிரல் நகம் அளவுதான். அப்புறம் மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். திரும்பும் ரயிலில் போனில் எடுத்த வீடியோக்களைத் திறந்தேன். பதினொன்றிலும் இருந்தது திரை மட்டும்தான்.