இன்டெலா, ரைசனா? முதலில் போர்டைப் பாருங்கள்

கடலூர், பாண்டிச்சேரிப் பக்கம் புதுசாக சிஸ்டம் அசெம்பிள் பண்ணக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் இன்பாக்ஸில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, இன்டெலா, ரைசனா?" அதாவது, ப்ராசஸர் இன்டெலுடையதா, ஏஎம்டி-யின் ரைசனா என்று. கூடவே யூடியூபில் பிடித்த, ப்ராசஸர்களின் வேகத்தை ஒப்பிடும் ஒரு கேமிங் சார்ட். அந்தச் சோதனையை ஆர்டிஎக்ஸ் 4090 என்ற உச்ச ரக கிராபிக்ஸ் கார்டு போட்டு, 1080பி என்ற குறைந்த ரெசல்யூஷனில் ஓட்டியிருப்பார்கள். ப்ராசஸர்களின் வித்தியாசம் வெளியே தெரிய அப்படித்தான் செய்ய வேண்டும், தப்பில்லை. ஆனால் நீங்கள் போடப்போவது அதைவிடச் சின்ன 3050 கார்டு. அங்கே முதலில் மூச்சு வாங்குவது கார்டுதான். இன்டெலின் ஐ5 12400எஃப், ரைசன் 5 5600 இரண்டும் 2022-ல் வந்தவை. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட். எதைப் போட்டாலும் அந்தக் கார்டோடு பெரிய வித்தியாசம் தெரியாது.

என் ஓட்டு ரைசனுக்கு. காரணம் வேகம் இல்லை, ப்ராசஸரைச் செருகும் மதர்போர்டு. 2018-ல் பி450 போர்டில் ரைசன் 5 2600 போட்டவர், பயாஸை (போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள்) அப்டேட் பண்ணிவிட்டு அதிலேயே 2022-ல் வந்த 5800எக்ஸ்3டி-யை உட்கார வைக்கலாம். ரேமைக்கூடத் தொட வேண்டாம். அதே காலத்தில் இன்டெலில் 1151, 1200, 1700 என்று சாக்கெட், அதாவது போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம், மாறிக்கொண்டே போனது. 2024-ல் கோர் அல்ட்ரா 200 வந்தபோது 1851. ப்ராசஸரில் மிச்சம் பிடித்த காசைப் புது போர்டில் விடுவதற்குப் பெயர் சிக்கனமா?

பி450 போன்ற ரைசன் போர்டுகளில் உள்ள ஏஎம்4 சாக்கெட்டில் ஒரு எரிச்சல் உண்டு. பழைய கூலரைக் கழற்றும்போது, காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசை மாதிரிப் பிடித்துக்கொண்டு ப்ராசஸரையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். பின்கள் ப்ராசஸரின் அடியில் இருப்பதால் ஒன்றிரண்டு வளைந்தால் போச்சு. கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் பண்ணிவிட்டு, கூலரை இடமும் வலமுமாக லேசாகத் திருகி எடுங்கள். அடுத்து வந்த ஏஎம்5-ல் பின்கள் போர்டுக்குப் போய்விட்டதால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம்தான் போட வேண்டும், செலவு ஏறும்.

இன்டெலின் ஐ9 கேட்டு அடம்பிடிப்பவர்களுக்கு: ஐ9 14900கே முழு லோடில் 253 வாட் இழுக்கும். ஏசி இல்லாத அறை, மே மாதக் கடலூர், 600 விஏ யூபிஎஸ். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய ப்ராசஸர்களில் வோல்டேஜ் எகிறிப் பழுதான கதையும் இருக்கிறது. 2024-ல் இன்டெலே மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் கட்டளைகள்) அப்டேட் விட்டு, வாரண்டியை இரண்டு வருஷம் கூட்டியது.

அப்புறம், கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற தம்பிகளுக்கு மட்டும் நான் இன்டெல்தான் சொல்வேன். இப்போதைய கேமராக்கள் 4:2:2 10 பிட் எச்.265 என்ற, நிறத் தகவல் அதிகமுள்ள வீடியோ வடிவத்தில் எடுத்துத் தள்ளுகின்றன. அதை டைம்லைனில் திக்காமல் ஓட்ட இன்டெலின் க்விக் சிங்க் என்ற வீடியோ வசதி கை கொடுக்கும். ரைசனிலோ என்விடியா 30, 40 சீரிஸ் கார்டுகளிலோ அந்த வசதி இல்லை. ஆனால் க்விக் சிங்க் இருப்பது உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ப்ராசஸரில்தான். விலை குறைவு என்று கடைக்காரர் 12400எஃப்-ஐ நீட்டுவார்; அந்த எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். பில் போடும் முன் பெட்டியில் அந்த எஃப் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.