எங்க எர்ணாவூர் மனுஷங்க

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்ததை உங்கள் கட்டுரையில் எழுதியதற்கு நன்றி, ஆனால் அக்கம்பக்கத்தார் செய்ததையும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம். நாங்கள் வடசென்னையில் எண்ணூரை ஒட்டிய எர்ணாவூர், பெருமையாகவே சொல்கிறேன். சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு, அரிசி மூட்டை முழுக்க எண்ணெய் நாற்றம். மாடி வீட்டு அக்கா தன் பிள்ளைக்கு வைத்திருந்த பால் பவுடரை என் தங்கை குழந்தைக்குக் கலக்கிக் கொடுத்தார், அப்புறம் நாலு நாள் எங்கள் ஆறு பேருக்கும் அவர் வீட்டில்தான் கஞ்சி. வலையும் படகும் பாழாகி நின்ற மீனவ அண்ணன்மார்தான் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். வடசென்னை என்றாலே முகம் சுளிப்பவர்கள் அந்தக் கைகளைப் பார்த்திருக்க வேண்டும், எத்தனை தேய்த்தும் நகக்கண்ணில் கறுப்பு போகவே இல்லை.