233-வது பிரிவு கள்ள நாணயம் பற்றியது

"அரசு புதுச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. இ.த.ச. 233-ன்படி, பலாத்காரம் செய்ய வருபவனைப் பெண் கொன்றால் வழக்கே கிடையாது." குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் இந்த ஃபார்வர்டு மறுபடியும் சுற்றுகிறது. கடைசி வரி வழக்கம்போல, ‘எல்லாப் பெண்களுக்கும் அனுப்புங்கள்’.

அப்படி ஒரு புதுச் சட்டம் வரவில்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் (இ.த.ச.) 233-வது பிரிவு, கள்ள நாணயம் அடிக்கும் கருவிகளைச் செய்வது, விற்பது பற்றியது! 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 233 என்பது பொய்ச் சாட்சியத்தைப் பயன்படுத்துவது.

சரி, தற்காப்பு உரிமையே இல்லையா? இருக்கிறது, 1860-லிருந்தே. அன்று 100-வது பிரிவு, இன்று 38. வன்புணர்வு நோக்கத்தோடு தாக்குபவரைத் தடுக்கும்போது அவர் இறந்தாலும் குற்றமாகாது. ஆனால் ஆபத்து நீங்கிய பிறகு துரத்திப்போய்த் தாக்கினால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. வழக்கு, விசாரணை வரலாம். தற்காப்புதான் என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டியிருக்கும். அந்த ஃபார்வர்டை நம்பி ஒரு பெண் சிக்கிக்கொள்ளக்கூடிய இடம் இதுதான்.

‘இந்தியா கோடு’ அரசு இணையதளத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் தற்காப்பு பற்றிய 34 முதல் 44 வரையிலான பிரிவுகளை இலவசமாகப் படித்துப் பார்க்கலாம். அந்த ஃபார்வர்டை இனி அனுப்பாதீர்கள். அனுப்பத்தான் வேண்டுமென்றால் 181, பெண்கள் உதவி எண், அதை அனுப்புங்கள்.