தேக்கும் வெள்ளைப் பசையும் விமான இறக்கைக்கு ஆகாது

"வரைபடம் கையில் இருந்தால் போதும், அம்பாசமுத்திரம் பக்கத்து ஆசாரி தேக்கிலேயே இறக்கை செய்துவிடுவார், கதவுக்குப் போடும் வெள்ளைப் பசையே தாங்கும்" என்று, சொந்தமாக மர விமானம் கட்டுவது பற்றி அண்ணாச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆசாரியின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொருட்கள்தான் தவறு.

மர விமான வரைபடங்கள் பெரும்பாலும் சிட்கா ஸ்ப்ரூஸ் என்ற எடை குறைந்த ஊசியிலை மரத்தைக் கணக்கில் வைத்துப் போட்டவை. அது கன மீட்டருக்குச் சுமார் 430 கிலோ. தேக்கு 650 பக்கம். அதே அளவில் தேக்கை அறுத்தால் சட்டங்களின் எடை ஒன்றரை மடங்காகிவிடும். தேக்கில் எண்ணெய்ப்பசை வேறு, ஒட்டு சரியாகப் பிடிக்காது.

பசைதான் பெரிய ஆபத்து. வெள்ளைப் பசை சூட்டில் இளகும். தொடர்ந்து பாரம் இருந்தால் கண்ணுக்குத் தெரியாமல் நழுவிக்கொண்டே போகும். கதவுக்குப் பரவாயில்லை. நம்மூர் சித்திரை வெயிலில் நிற்கும் இறக்கைக்கு அது உயிர் போகிற விஷயம். ரிசார்சினால் பசை அல்லது விமான வேலைக்கென்றே உள்ள எபாக்சி பசை வேண்டும். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் ஒரு துண்டை ஒட்டிக் காயவைத்து உடைத்துப் பாருங்கள்: மரம் கிழிய வேண்டும், ஒட்டு விடக்கூடாது.

அப்புறம், சொந்த வயலிலிருந்து கிளம்பினாலும் இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ அனுமதி இல்லாமல் பறக்கக்கூடாது.