ரத்தத்தில் ஊறினதாம்

போன கிழமை ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் கதை, இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலுள்ள பாக்குநீரிணையை நீந்திக் கடந்த வல்வெட்டித்துறை நீச்சல் வீரர் ஆழிக்குமரன் ஆனந்தன் பக்கம் போனது. பக்கத்தில் இருந்த பெரியவர் சோற்றைக் குழைத்தபடியே சொன்னார்: "வல்வெட்டித்துறையார் எண்டால் சும்மாவே தம்பி, கடல் அவையின்ர ரத்தத்தில ஊறினதெல்லே." எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தக் கதை மீன்முள் மாதிரித் தொண்டையில் நின்றது.

ரத்தத்தில் ஊறியிருந்தால் தொண்டைமானாறு முதல் பருத்தித்துறை வரைக்கும் வீட்டுக்கு ஒருவர் இந்தியாவுக்கு நீந்திப் போய் வந்திருக்க வேண்டும். போனவர்களை விரல் மடித்து எண்ணலாம். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954 மார்ச்சில் கோடியக்கரைக்கு நீந்தினார், 27 மணித்தியாலம். வங்காளத்து மிஹிர் சென் 1966 ஏப்ரலில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு. மார்ச், ஏப்ரல் என்று வருவதைக் கவனியுங்கள். வாடைக்காற்று அடங்கி, சோளகக்காற்று எழும்ப முன் அந்தக் கடல் மனிதனுக்குத் தரும் தவணை அவ்வளவுதான். அதைக் கணிப்பது ரத்தம் இல்லை, மூளை.

1971இல் ஆனந்தன் போனது மட்டுமில்லை, திரும்பியும் வந்தார். 51 மணித்தியாலம். எல்லோரும் இந்த எண்ணைச் சொல்கிறோம், ஆனால் அதற்குள் இரண்டு முழு இரவுகள் இருப்பதை யோசிப்பதில்லை. ஒரு பக்கம் ஏறக்குறைய 30 கிலோமீற்றர். கணக்குப் பார்த்தால் மணிக்கு ஒரு கிலோமீற்றரை விடக் கொஞ்சம்தான் கூட. நல்லூர்த் திருவிழாச் சனத்துக்குள் நடந்தாலே அதை விட வேகமாகப் போகலாம். எனக்குப் பயம் தருவதே அந்த மெதுவான கணக்குத்தான். நீரோட்டம் பக்கவாட்டில் இழுக்க, கை போட்டுக்கொண்டே இருந்தும் கரை கிட்ட வராத நேரங்கள் எத்தனை இருந்திருக்கும்?

இந்த வகை நீச்சலில் வள்ளத்தைப் பிடித்து இளைப்பாற முடியாது. தொட்டால் முடிந்தது. குடிக்கிறதையும் தின்கிறதையும் வள்ளத்தில் இருப்பவர்கள் எட்டக் கொடுக்க, மிதந்தபடியே விழுங்க வேண்டும். உப்பில் நாக்குத் தடிக்கும், கமக்கட்டு உரஞ்சி எரியும், இருட்டில் சொறிமீன் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. இதற்கிடையில் நித்திரை. கூட வந்த வள்ளக்காரர்களும் கண்விழித்துத்தான் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பேரை நாங்கள் எங்காவது எழுதி வைத்திருக்கிறோமா?

ஆனந்தன் தொழிலால் ஒரு சட்டத்தரணி. அவருடைய கின்னஸ் சாதனைகளில் ஒற்றைக் காலில் 33 மணித்தியாலம் நின்றதும், ட்விஸ்ட் நடனம் 128 மணித்தியாலம் ஆடியதும் உண்டு. இதைச் சொன்னால் சிலர் கோபிப்பார்கள், என்றாலும் சொல்கிறேன்: அந்தப் பட்டியலை நாங்கள் கொஞ்சம் அதிகமாகவே தூக்கிப் பிடிக்கிறோம். ஒற்றைக் காலில் நிற்கிறவருக்கு ஏலாமல் போனால் மற்றக் காலை ஊன்றலாம். நடுக்கடலில் எதை ஊன்றுவது?

2021 ஏப்ரலில் இலங்கை விமானப்படை வீரர் ரொஷான் அபேசுந்தர அதே இரட்டைப் பயணத்தை 28 மணித்தியாலம் 19 நிமிடத்தில் முடித்தபோது எங்கள் ஆட்கள் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஏனோ தெரியவில்லை. ஐம்பது வருசம் ஒரு சாதனை நின்றதே பெரிய காரியம். முறியடிக்க ஒருவர் பாடுபட்டார் என்றால் அந்தக் கடலையும் அவர் மதித்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

1984 ஓகஸ்ட் 6, ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் ஆனந்தன் இறந்தார். தூரம் 34 கிலோமீற்றர் அளவில்தான், பாக்குநீரிணையை விடப் பெரிதாகக் கூட இல்லை. ஆனால் அங்கே கோடையிலும் தண்ணீர் 15 முதல் 18 பாகை வரைதான். இப்போது அங்கே இறங்குகிறவர்கள், 16 பாகைக்கு மேற்படாத தண்ணீரில் ஆறு மணித்தியாலம் நீந்திக் காட்டிய பிறகே அனுமதி பெறுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்கு எங்கே பயிற்சி எடுப்பது? ஐஸ்கிரீம் கடைப் பெட்டிக்குள்ளா? நாங்கள் குளித்து வளர்ந்த கடல் இளஞ்சூட்டுக் கடல். ரத்தம் என்று சொல்கிறவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

சரி, என் கதைக்கு வருகிறேன். கடலிலிருந்து அரை மைல் தூரத்தில் பிறந்தவன் நான். எனக்கு நீந்தத் தெரியாது. போர்க்காலத்தில் கடல்வலயத் தடைச் சட்டம், உயர் பாதுகாப்பு வலயம் என்று நாங்கள் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று கடலைப் பார்த்து வளர்ந்த ஆட்கள். கீரிமலைக் கேணியில் படியைப் பிடித்துக்கொண்டு காலடித்ததோடு என் நீச்சல் முடிந்தது. என்னைப் போல எத்தனையோ பேர், வெளியில் சொல்ல வெட்கப்படுகிறோம். பிறகு பிள்ளைகளையும் "கடலுக்குப் போகாதை" என்று மிரட்டி வளர்க்கிறோம். அவர்கள் எங்களுக்குத் தெரியாமல் போகிறார்கள், சில பேர் திரும்பி வருவதில்லை.

ஆனந்தன் பேரில் வல்வெட்டித்துறையில் ஒரு நீச்சல் தடாகம் கட்டினார்கள். சிலையை விட அது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். தடாகம் கட்டினால் போதாது, ஒவ்வொரு பாடசாலையும் ஐந்தாம் வகுப்புக்குள் பிள்ளைக்கு மிதக்கவாவது பழக்கிவிட வேண்டும். புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கொடுக்கிற நேரத்தில் பத்தில் ஒன்று போதும்.

நான் ஞாயிறு காலை ஆறரைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு நீச்சல் பழகப் போகிறேன். பெரியவர்களுக்கும் பழக்குவார்களாம், விசாரித்துவிட்டேன். வெட்கப்படாமல் வரக்கூடிய நாலு பேர் இருந்தால் சொல்லுங்கள், ஒரு வான் பிடித்துப் போவோம்.